முப்பதுக்குப் பதிமூணு

என்னைப் பாத்தா இங்கிலீஷ்ல முப்பதுக்குப் பதிமூணு எடுக்கிற ஆள் மாதிரியா அண்ணாச்சி இருக்கு? உள்ளதைச் சொல்லுங்க, கோவிச்சுக்கிட மாட்டேன். சிரிக்கிறீங்க. சிரிங்க. மதுரையில பஸ் ஏறினதுலேருந்து நீங்களும் பேசலை, நானும் பேசலை. எவ்வளவு தூரம்தான் வாயை மூடிக்கிட்டு வர்றது? எங்கிட்ட ஒரு பிராது இருக்கு. கோவில்பட்டி போறதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன்.

எம்பேரு கொண்டல்சாமி. மேலூர்ல ஒரு பேங்க்ல கிளார்க்கா இருக்கேன். சேர்ந்து நாலு மாசம் ஆச்சு. சொந்த ஊரு கோவில்பட்டி. ஞாயித்துக்கிழமை ஆனா விடியக்காலையில கிளம்பி ஊருக்குப் போயிருவேன். வீட்டுச் சாப்பாட்டுக்குன்னு பேங்க்ல நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நினைச்சுக்கிடட்டும்.

எங்க ஊர் லைப்ரரிக்குப் பின்னால ஒரு வாதாமரம் நிக்கும். அதுக்கு அடியிலதான் நாங்க படிக்கிறது. பேங்க் பரீட்சைக்கு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால நான் ஒத்தை ஆளா உக்காந்தேன். பிறகு ஒருத்தர் ஒருத்தரா வந்து சேர்ந்து ஏழெட்டுப் பேர் ஆயிட்டோம். பாஸ் பண்றவங்க போவாங்க, புதுசா ரெண்டு பேர் வருவாங்க. அந்த இடத்துக்கு நான்தான் மூத்த ஆளு. என்னைக் கேக்காம அங்க ஒருத்தரும் பாயை விரிக்க மாட்டாங்க.

எங்க பக்கத்துப் பிள்ளைக கணக்குல சூரப்புலிக. இங்கிலீஷ்தான் காலை வாரும். அந்தப் பரீட்சையில என்ன கஷ்டம்னா, கணக்குல நீங்க முழு மார்க் எடுத்தாலும் இங்கிலீஷ்ல ஒரு அளவுக்கு எடுத்தே ஆகணும். அதுல அரை மார்க் குறைஞ்சாலும் போயிட்டு அடுத்த வருஷம் வாம்பான். அதனால நான் ஒரு ஏற்பாடு பண்ணினேன். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு இங்கிலீஷ் டெஸ்ட். முப்பது கேள்வி, இருபது நிமிஷம். நிஜப் பரீட்சை மாதிரியே. கேள்விப் பேப்பர் எடுக்கிறது நானு. திங்கள்லேருந்து சனி வரைக்கும் எனக்கு அதுதான் வேலை. நாலு கிராமர் புஸ்தகம், பழைய பேப்பர் கட்டு, ஒரு டிக்‌ஷனரி. வார்த்தையைத் தேடி, அதுக்கு எதிர்ப்பதம் தேடி, தப்பான விடையா மூணு தயார் பண்ணி வைக்கணும். சரியான விடையை யாரு வேணும்னாலும் எழுதிரலாம். ஆளை ஏமாத்துற மாதிரி தப்பான விடை எழுதுறதுதான் வித்தை. அதுல நான் கெட்டிக்காரன்.

டெஸ்டுல எல்லாரும் எழுதுவாங்க, நானும் எழுதுவேன். எட்டு வருஷமும் நான்தான் ஃபர்ஸ்ட். இருபத்தொன்பது எடுப்பேன். முப்பதே எடுக்கலாம். ஆனா பிள்ளைக மனசு விட்டுரக் கூடாது பாருங்க, அதுக்காக ஒண்ணை வேணும்னே தப்பாப் போட்டு வைப்பேன். பெரிய மனுசன்னா கொஞ்சம் விட்டுக் கொடுக்கணும்ல.

நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு தெரியுது. கேள்வி எடுத்த ஆளே எப்படிய்யா எழுதலாம்னு. எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. விடை எனக்குத் தெரியும்தான், இல்லைங்கலை. ஆனா படிச்சதனாலதானே அண்ணாச்சி தெரியுது? நான் என்ன பார்த்தா எழுதினேன்?

எங்கிட்ட டெஸ்ட் எழுதினவங்க பத்தொன்பது பேர் பாஸ் பண்ணிப் போயிட்டாங்க. பாலக்காட்டுல ஒருத்தன், ஓசூர்ல ஒருத்தி. போன் பண்ணும்போதெல்லாம் உங்களாலதான் அண்ணேம்பாங்க. எனக்குத்தான் வருஷா வருஷம் இங்கிலீஷ்ல இடிச்சுரும். காரணம் இல்லாம இல்லை. ஒரு வருஷம் ஹால்ல ஏசி ரொம்பக் குளிர். ஒரு வருஷம் கம்ப்யூட்டர்ல மவுஸ் இழுக்கலை. ஒரு வருஷம் பத்தி கொடுத்து கேள்வி கேக்குறதுல வடதுருவத்துல ஐஸ் உருகுறதைப் பத்திக் கொடுத்துட்டான். கோவில்பட்டியில இருக்கிறவனுக்கு ஐஸ் உருகினா என்ன, உருகாட்டா என்ன? எட்டு வருஷத்துக்கும் எட்டுக் காரணம் வெச்சிருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஆவுடைத்தாய் வந்து சேர்ந்தா. கொரியர் ஆபீஸ்ல கவுண்டர்ல உக்கார்ற பிள்ளை. வந்தப்போ இருபத்தெட்டு வயசு. காலையில ஆறு மணிக்கு வந்து இங்கிலீஷ் பேப்பரைக் கையில பிடிச்சுக்கிட்டு வாதாமரத்தைச் சுத்திச் சுத்தி நடந்து சத்தமாப் படிப்பா. வாக்கிங் வர்றவங்க எல்லாம் நின்னு பாத்துட்டுப் போவாங்க. அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. டெஸ்டுல தப்பு வந்தாலும் அப்படித்தான். எங்க பிள்ளைக தப்பு வந்தா தாளை மடிச்சு ஒளிச்சுக்கிடும். இவ எல்லாருக்கும் காட்டுவா. நல்லவேளை இங்கயே தெரிஞ்சுபோச்சும்பா. கொஞ்சம்கூட வெக்கமே கிடையாது.

ரெண்டு வருஷம் ஒழுங்காத்தான் இருந்தா. எனக்கு முப்பத்தொண்ணு நடக்கும்போது ஆரம்பிச்சா வம்பை. எங்க ஆளுகளுக்கு அந்த கிளார்க் பரீட்சைக்கு வயசு வரம்பு முப்பத்தொண்ணு. அதுதான் எனக்குக் கடைசித் தடவை. அதை விட்டா எங்கண்ணன் டைல்ஸ் கடையில போய் நிக்கணும். அண்ணன் ஒண்ணும் சொல்லலை. எங்க மதினிதான், தம்பிக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்காங்க கடையிலன்னு சாதாரணமாச் சொன்னா. அந்த நாற்காலியை நினைச்சாலே எனக்குச் சோறு இறங்கலை.

அந்த நேரத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, நான் இருபத்தொன்பது எடுத்து எல்லாரும் கை தட்டி முடிச்சதும், ஆவுடை எந்திரிச்சு நின்னா.

"அண்ணே, நீங்க சமைச்சு நீங்களே ருசி பாத்து நீங்களே நல்லாருக்குன்னா எப்படிண்ணே? அடுத்த வாரம் பேப்பர் நான் எடுக்கிறேன். நீங்க சும்மா எழுதுங்க."

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. மாரிக்கண்ணன்னு ஒரு பய இருப்பான், மூக்குல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சான். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. இருந்தாலும் பெருந்தன்மையா, எடும்மான்னு சொன்னேன்.

எடுத்தா. எழுதினேன். பதிமூணு.

எங்க கூட்டத்துலயே அன்னைக்கு நான்தான் கடைசி. நேத்து வந்து சேர்ந்த பிள்ளை பதினாறு எடுத்திருக்கு.  எல்லாரும் ஏதோ அவசர வேலை இருக்கிற மாதிரி பாயைச் சுருட்டுறாங்க.

நான் விடுவனா? பேப்பரை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து ஒரு வாரம் உக்காந்தேன். எனக்குத் தப்புன்னு போட்ட பதினேழு கேள்வியையும் நாலு கிராமர் புஸ்தகத்தையும் வெச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா அலசினேன். பதினேழுல ஒரு கேள்விக்கு ரெண்டு விடை வரும்னு கண்டுபிடிச்சேன் அண்ணாச்சி. மூணு புஸ்தகத்துல பக்கத்தை மடிச்சு வெச்சுக்கிட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை போய் எல்லார் முன்னாலயும் நிரூபிச்சேன். அந்தப் பிள்ளை பொறுமையாக் கேட்டா. கேட்டு முடிச்சுட்டு, "சரிண்ணே, பதினாலு"ன்னா.

அதுக்குப் பிறகு அங்க எப்படி உக்கார்றது? வந்துட்டேன். லைப்ரரிக்கு எதிர்க்க ஒரு டீக்கடை இருக்கு, காலையில அங்க போய் உக்காந்துக்கிடுவேன். நான் இல்லாம எப்படி நடக்குதுன்னு பாக்கலாம்னுதான். நல்லாத்தான் நடந்துச்சு. அதுவும் எனக்குப் பிடிக்கலை. வாரம் ஒருத்தர் முறை வெச்சு பேப்பர் எடுக்கிறது, எடுத்தவங்க அந்த வாரம் எழுதக் கூடாதுன்னு புதுசா ஒரு சட்டம் போட்டுக்கிட்டாங்களாம். மொத முறை மாரிக்கண்ணனுக்கு. அவன் ஒரு தாளை எனக்குன்னு வீட்டுல கொண்டு வந்து கொடுத்தான். எனக்கு வந்த கோவத்துக்கு, பிரிச்சுக்கூடப் பாக்காம திருப்பி அனுப்பிட்டேன். என்னைப் பதிமூணு எடுக்க வெச்சது யாரோ அவங்க எடுத்தா எழுதுறேன், கண்டவன் பேப்பரையும் நான் தொட மாட்டேன்னு சொல்லி விட்டேன். ஒரு ரோஷத்துல சொன்னதுதான். யாரு நினைச்சா அவ எடுப்பான்னு?

அடுத்த ஞாயித்துக்கிழமை ஆவுடை வந்து எங்க மதினி கையில ஒரு தாளைக் கொடுத்துட்டுப் போயிட்டா. முப்பது கேள்வி. விடை கிடையாது. எழுதி அனுப்பினா திருத்தி அனுப்புவேன்னு சொன்னாளாம். நான் எழுதலை. சும்மா பாத்தேன். பாக்கும்போது பென்சில்ல லேசா டிக் அடிச்சேன், அவ்வளவுதான். மதினி அதை எடுத்துக்கிட்டுப் போய்க் கொடுத்துட்டா. பச்சை மையில திருத்தி வந்துச்சு. பதினஞ்சு.

இப்படியே பதினோரு வாரம். நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கிடலை. ஞாயித்துக்கிழமை தாள் வரும், புதன்கிழமை மதினி காய் வாங்கப் போறப்ப கொரியர் ஆபீஸ்ல கொடுத்துட்டுப் போவா, வெள்ளிக்கிழமை பச்சை மையோட திரும்பி வரும். ஒரு வாரம் அடியில எழுதியிருந்தா: அண்ணே, பத்தியை முழுசா ஒரு தடவை படிச்சுட்டுக் கேள்விக்குப் போங்க, நீங்க கேள்வியைப் பாத்துட்டு பத்திக்குள்ள வேட்டைக்குப் போறீங்கன்னு. எட்டு வருஷம் டெஸ்ட் வெச்சவனுக்கு இவ சொல்லித் தர்றா. அது எவ்வளவு தப்பான யோசனைன்னு காட்டுறதுக்காகவே அடுத்த பேப்பர்ல அவ சொன்ன மாதிரி எழுதினேன். பத்தொன்பது வந்துச்சு. சரி, ஏதோ ஒரு தடவைன்னு இன்னொரு வாரமும் அப்படியே எழுதினேன். இருபத்தொண்ணு.

அப்போதான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. அவ வர வர ஈஸியான கேள்வியா எடுக்கிறா. ஆரம்பத்துல வேகமா எடுத்துட்டா, போகப் போக சரக்கு தீர்ந்துபோச்சு. கடைசிப் பேப்பர்ல இருபத்தாறு எடுத்தேன்னா பாத்துக்கிடுங்க, எந்த அளவுக்கு ஈஸியாக்கிட்டான்னு. மதினிகிட்ட சொன்னேன். மதினி கறிவேப்பிலை உருவிக்கிட்டே இருந்தா.

பரீட்சை வந்துச்சு. எழுதினேன். ஹால்ல ஏசி இருந்துச்சா இல்லையான்னே ஞாபகம் இல்லை. முதல் பரீட்சை பாஸ். பிறகு மெயின் பரீட்சை, அதுவும் பாஸ். பேர் வந்துருச்சு. மாரிக்கண்ணனுக்கும் வந்துருச்சு, எங்க கூட்டத்துல மொத்தம் மூணு பேர். எங்கண்ணன் கடைக்கு வர்ற ஆளுகளுக்கெல்லாம் லட்டு கொடுத்தான். அந்த நாற்காலியில மதினியோட தம்பி உக்காந்துட்டான்.

ஆவுடை முதல் பரீட்சையிலயே போயிட்டான்னு அதுக்கப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது. இங்கிலீஷ்ல முக்கால் மார்க் குறைஞ்சுபோச்சாம்.

என்னால நம்ப முடியலை. வாதாமரத்தைச் சுத்தி நடந்த பிள்ளை, எனக்கே பச்சை மையில திருத்தினவ. கொரியர் ஆபீஸ்க்குப் போனேன். அத்தனை மாசத்துக்குப் பிறகு அப்போதான் நேருக்கு நேரா நிக்கிறோம். கவுண்டர்ல பார்சல் மேல முத்திரை குத்திக்கிட்டு இருந்தா. வாழ்த்துக்கள்ணேன்னா. நல்லாத்தான் சிரிச்சா. முறை வெச்சு எல்லாரும் எடுத்தாங்களே, அந்தப் பேப்பரெல்லாம் நீ எழுதலையான்னு கேட்டேன்.

முறை எல்லாம் ரெண்டாவது வாரமே நின்னு போச்சாம் அண்ணாச்சி. எனக்குன்னு அவ எப்படியும் ஒரு பேப்பர் எடுக்கணும். ரெடியா ஒண்ணு இருக்கும்போது இன்னொண்ணு எதுக்குன்னு மத்த பிள்ளைக எல்லாம் அதையே எழுதியிருக்காங்க. பதினோரு வாரமும் அவதான் எடுத்திருக்கா. காலையில நடந்து படிச்சதும் நின்னு போச்சு, அந்த நேரத்துல கேள்வி தேடணுமே. நான் வேற ஒருத்தர் பேப்பரையும் தொட மாட்டேன்னு சொல்லி விட்டிருந்தேன்ல.

"அப்போ நீ எதைத்தான் எழுதின?"ன்னேன்.

"நான் எடுத்ததை நானும் உக்காந்து எழுதினேன்ணே. வாரா வாரம் முப்பதுக்கு முப்பது. உங்களை மாதிரி ஒண்ணைத் தப்பாப் போடக்கூட எனக்குத் தோணலை."

கேலியாத்தான் சொன்னா. சொல்லிட்டு அவளே சிரிச்சா. அந்த ஒண்ணு நான் வேணும்னே தப்பாப் போடுறதுன்னு ரெண்டு வருஷமா அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குச் சிரிப்பு வரலை. பின்னால ஒரு ஆள் பார்சலை வெச்சுக்கிட்டு நிக்கிறான், நகருங்க சார்ங்கிறான், எனக்குக் கால் நகரலை.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழட்டாம உக்காந்து அழுதேன் அண்ணாச்சி. என் வயசுக்கு அழக் கூடாதுதான். எட்டு வருஷம் நான் பண்ணின தப்பு என்னன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. அதை அந்தப் பிள்ளை ஒரே கேள்வியில சொன்னா. சொன்னவளைக் கொண்டு போய் அதே இடத்துல உக்கார வெச்சுட்டு நான் எந்திரிச்சு வந்துட்டேன். வேலை கிடைச்ச சந்தோஷமே போச்சு. கோவம் எல்லாம் இப்போ எனக்கு என் மேலதான். ஆனா ஒண்ணு, கடைசியில அவ பேப்பர் ஈஸியாத்தான் இருந்துச்சு, அதுல நான் மாற மாட்டேன்.

இந்த வருஷம் அவளுக்கு முப்பத்தொண்ணு. அடுத்த மாசம் பரீட்சை. அவளுக்கு அதுதான் கடைசி. இன்னைக்கோட சேர்த்து நாலு ஞாயித்துக்கிழமைதான் இருக்கு. நான் போய்ச் சொல்லிட்டேன், நீ இனிமே ஒரு கேள்விகூட எடுக்கக் கூடாது, எழுது, நடந்து படி, எடுக்கிறது என் வேலைன்னு. யோசிச்சா. சரி, ஆனா உங்க பேப்பரை நான் ரெண்டு வருஷம் எழுதியிருக்கேன், உங்க மூளை எந்தப் பக்கம் திரும்பும்னு எனக்குத் தெரியும், புதுசா எடுங்கன்னா.

அங்கதான் கஷ்டம். மேலூர்ல ரூம்ல உக்காந்து ஒரு வாரம் பூரா எடுக்கிறேன். எடுத்து முடிச்சுப் படிச்சுப் பாத்தா எல்லாம் ஈஸியாத் தெரியுது. ஒரு வாரம் வேணும்னே கடுமையா எடுத்தேன், அதுவும் ஈஸியாத்தான் தெரியுது. விடை தெரிஞ்சவனுக்கு எதுதான் கஷ்டம்? மொத வாரம் அவ இருபத்தெட்டு எடுத்தா. எனக்கு ஒரே சந்தோஷம். அவ மூஞ்சியில சந்தோஷம் இல்லை. அடுத்த வாரம் இருபத்தொன்பது. தாளை எங்கிட்ட நீட்டிட்டு, அண்ணே, இது என்னைத் தேத்துறதுக்கு எடுத்ததா, தேறுறதுக்கு எடுத்ததான்னு கேட்டா. 

அதுலேருந்துதான் பஸ்ல ஆள் தேட ஆரம்பிச்சேன். போன வாரம் ஒரு நர்ஸம்மா. விருதுநகர்ல எழுத ஆரம்பிச்சு, இருபத்தேழு எடுத்துட்டாங்க.  கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல இறங்கி, ஒரு பெஞ்சுல உக்காந்து, பன்னெண்டு கேள்வியை அடிச்சுட்டு வேற எழுதிக் கொண்டு போனேன். அன்னைக்கு ஆவுடை எடுத்தது பதினெட்டு. தாளைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினா. அப்போதான் அவ மூஞ்சி தெளிஞ்சுது.

நீங்க கருவூலத்துல ரிட்டையர் ஆனவர்னு கண்டக்டர்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தீங்களே, காதுல விழுந்துச்சு. முப்பத்தஞ்சு வருஷம் இங்கிலீஷ்ல ஃபைல் எழுதினவங்க. மறந்துபோச்சுன்னு சொல்லக் கூடாது. இந்தாங்க, தாள். அட்டை என் மடியில இருக்கு, மேல வெச்சுக்கிடுங்க. பென்சில்ல டிக் மட்டும் அடிச்சாப் போதும். சாத்தூர் தாண்டியாச்சு, சரியா இருபது நிமிஷம் இருக்கு. எனக்காக இரக்கப்பட்டு எதையும் தெரியாத மாதிரி விட்டுராதீங்க, தெரியாததைக் குருட்டாம்போக்குல போடவும் வேண்டாம். எந்தக் கேள்வியில நீங்க நிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியணும். நீங்க திணறணும் அண்ணாச்சி. நல்லாத் திணறணும். திணறலைன்னா உள்ளதைச் சொல்லிருங்க, எனக்கு மாத்தி எழுத நேரம் வேணும்.

எழுதுங்க. நான் மணி பாக்குறேன்.